அசல் மான்செஸ்டரப் பாத்துட்டு வந்தேங்க

கோயம்புத்தூர தென்னிந்தியாவின் மான்செஸ்டர்னு ஸ்கூல் புக்குல படிச்சு படிச்சு, அந்த அசல் ஊரு எப்படி இருக்கும்னு சின்ன வயசுல இருந்தே ஒரு ஆச. போன வருஷம் லண்டன் போனப்ப யூஸ்டன் ஸ்டேஷன்ல ட்ரெயின் ஏறுனேன், ரெண்டு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல, மான்செஸ்டர் பிக்கடில்லி ஸ்டேஷன்ல எறங்கியாச்சு. எல்லாரும் ஃபுட்பால் ஸ்டேடியத்துக்குத்தான் போகச் சொன்னாங்க, எனக்கு மில்லுதான் பாக்கணும்.

மொதல்ல ஜான் ரைலண்ட்ஸ் லைப்ரரி. பஞ்சு வியாபாரத்துல பெரும் பணக்காரரான ரைலண்ட்ஸ் ஞாபகமா அவரு மனைவி என்ரிகெட்டா கட்டுனது, 1900ல தொறந்தாங்க. வெளிய இருந்து பாத்தா சர்ச்னுதான் நெனப்போம். நூல் வித்த காசுல இன்னொரு நூலுக்கு கோயில் கட்டியிருக்காங்கன்னு தோணுச்சு. பக்கத்துலயே லிங்கன் சிலை, அமெரிக்க ஜனாதிபதிக்கு இங்க என்ன வேலன்னு கேட்டா அதுவும் பஞ்சுதான். அங்க உள்நாட்டுப் போர் நடந்தப்ப பஞ்சு வராம இந்தப் பக்கம் மில்லெல்லாம் மூடி ஜனங்க பட்டினி, அப்பவும் அடிமை முறைய ஒழிக்கணும், லிங்கனுக்குத்தான் எங்க ஆதரவுன்னு இங்க இருந்த தொழிலாளிங்க கூடி தீர்மானம் போட்டாங்க, அதுக்கு 1863ல லிங்கன் நன்றி சொல்லி எழுதுன லெட்டர்ல இருந்து சில வரி சிலைக்கு கீழ இருக்கு. அத படிச்சிட்டு ரொம்ப நேரம் அங்கயே நின்னுட்டேன்.

அப்புறம் சயின்ஸ் அண்ட் இண்டஸ்ட்ரி மியூசியம், நடந்தே போயிரலாம், உள்ள போக காசு கெடையாது. 1830ல லிவர்பூலுக்கு ரயில் விட்ட ஸ்டேஷன் இருக்கற இடத்துலயே மியூசியம் வெச்சிருக்காங்க. உள்ள பழைய டெக்ஸ்டைல் மெஷினுங்கள ஓட்டியே காட்டுறாங்க, டெமோ எத்தன மணிக்குன்னு உள்ள போனதும் கேட்டுக்கோங்க, அத விட்டுறாதீங்க. தறி ஓடுனா பக்கத்துல பேசறது கேக்காது, அதனால அந்தக் காலத்துல இங்க தறி ஓட்டுன பொம்பளைங்க வாய் அசையறத பாத்தே பேசிப்பாங்களாம். மெஷினுக்கு அடியில தவழ்ந்து போயி பஞ்சு கூட்டறதுக்கு சின்னப் பசங்கள வெச்சிருந்தாங்கன்னு சொன்னப்ப மனசு கனத்துப் போச்சு.

எங்கப்பா முப்பது வருஷம் ஸ்பின்னிங்ல இருந்தவரு, இப்பவும் வீட்டுல சத்தமாத்தான் பேசுவாரு. அவருக்கு வீடியோ கால் போட்டு மெஷினுக்கு நேரா போன பிடிச்சேன். பஞ்ச சீவி நாராக்குற கார்டிங் மெஷின பாத்ததும் "இது நம்முதுதாம்ப்பா"ன்னாரு. அடுத்தது மியூல்னு ஒரு பழைய நூல் நூக்குற மெஷின், நூல இழுத்துக்கிட்டு ஒரு வண்டியே முன்னாடி வந்து பின்னாடி போவுது. அத பாத்து கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. "எங்க மில்லுல நூல் நூக்கறது ரிங் ஃப்ரேம் மெஷின்லதான், இத கேள்விப்பட்டிருக்கேன், பாத்ததில்ல, இன்னொரு தடவ ஓட்டச் சொல்லு"ன்னாரு. கேட்டேன், டெமோ காட்டுன அம்மா சிரிச்சிட்டே மறுபடி ஓட்டுனாங்க.