பழைய ராலே சைக்கிளின் மூன்று கியர் ஹப்: உதிரிபாகம் தேடிய அனுபவம்

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கராக இருந்த என் பெரியப்பாவின் ராலே சைக்கிள் இப்போது சேலத்தில் என் வீட்டில் இருக்கிறது. அதன் பின் சக்கரத்தின் நடுவில் இருப்பது சாதாரண ஹப் அல்ல. இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனம் செய்த ஏ.டபிள்யூ வகை மூன்று கியர் ஹப். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் ஹப்பின் வெளி உறையைத் துடைத்தபோது, பெயருக்கு அருகே 59, 4 என்ற எண்கள் தெளிந்தன. அவை 1959ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தைக் குறிப்பவை. உறையிலேயே பிறந்த தேதியைப் பொறித்து வைக்கும் இந்த வழக்கம், பாகம் தேடுகிறவருக்குப் பெரிய உதவி.

வண்டியில் இருந்த குறைகள் இரண்டு. முதல் கியரில் பெடல் வெறுமனே சுற்றியது. மூன்றாவது கியரில் அழுத்தி மிதித்தால் 'கடக்' என்று நழுவியது. நடுக் கியர் மட்டும் ஒழுங்காக ஓடியது. எந்தப் பாகம் தேய்ந்திருக்கும் என்று ஊகிக்க, உள்ளே நடப்பதைச் சற்று அறிந்திருக்க வேண்டும். அச்சோடு சேர்ந்து அசையாமல் நிற்கும் நடுப் பற்சக்கரத்துக்கு 20 பற்கள். அதைச் சுற்றி ஓடும் நான்கு சிறு பற்சக்கரங்களுக்கும் தலா 20 பற்கள். அவற்றை வெளியிலிருந்து வளைத்து நிற்கும் வளையத்துக்கு 60 பற்கள். சிறு சக்கரங்களின் கூட்டைச் சுழற்றி வளையத்திலிருந்து வேகத்தை எடுத்தால் மூன்றில் ஒரு பங்கு கூடும்; இது மூன்றாவது கியர். வளையத்தைச் சுழற்றிக் கூட்டிலிருந்து எடுத்தால் நான்கில் ஒரு பங்கு குறையும்; இது முதல் கியர். எதைச் சுழற்றுவது என்பதைச் சிலுவை வடிவமுள்ள ஒரு கிளட்ச் முடிவு செய்கிறது. ஆகவே மூன்றாவது கியர் நழுவுகிறது என்றால் கிளட்சின் கை முனைகளும், அவை முட்டித் தள்ளும் சிறு சக்கர ஊசிகளின் முனைகளும் மழுங்கியிருக்க வேண்டும். முதல் கியர் பிடிக்கவில்லை என்றால், உறையைப் பிடித்துச் சுழற்ற வேண்டிய கூட்டுக் கொக்கிகள் எழும்பவில்லை என்று பொருள்.

திறந்து பார்த்தபோது ஊகம் சரியாகவே இருந்தது. கொக்கிகள் எழும்பாததற்குக் காரணம் பழுப்பு நிறப் பிசின் போலக் காய்ந்திருந்த எண்ணெய். தோட்டத்தில் யாரோ பல ஆண்டுகள் தேங்காய் எண்ணெயை ஊற்றி வந்திருக்கிறார்கள். அது ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். ஏற்காட்டின் மார்கழி இரவில் உறையாமல் என்ன செய்யும்? மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பல் துலக்கும் பிரஷால் தேய்த்த பிறகு கொக்கிகள் அசைந்தன. ஆனால் அவற்றின் மயிரிழைச் சுருள்கம்பிகள் துருவேறி, விரல் பட்டதும் ஒடிந்தன.

பிரிக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வலப்பக்கப் பால்ரஸ் வளையத்தின் மரை, இரண்டு தொடக்கங்கள் கொண்ட மரை. மாற்றுத் தொடக்கத்தில் முடுக்கிவிட்டால், ரிம் பழைய இடத்திலிருந்து விலகி நிற்கும். கோட்டம் எடுப்பவர் காரணம் புரியாமல் திண்டாடுவார். ஆகவே கழற்றும் முன், வளையத்தின் பள்ளத்துக்கு நேராக இருக்கும் போக்ஸ் கம்பியில் பெயிண்டால் ஒரு பொட்டு வைத்தேன்.

பிறகுதான் தேடல். செவ்வாய்ப்பேட்டையில் உள்ள பழைய சைக்கிள் சாமான் கடையொன்றில் இடப்பக்கக் கோனை, அதாவது அச்சில் திருகி ஏற்றும், குண்டுகள் ஓடும் கூம்பை, நீட்டியதும், பெரியவர் அதைத் தம் கையிலிருந்த அச்சில் ஏற்றிப் பார்த்துவிட்டு, "இது நம்ம ஊரு சைக்கிள் மரை இல்லைங்க தம்பி, லொடலொடங்குது பாருங்க" என்றார். அவர் சொன்னது சரி. நம் சாதாரண சைக்கிள்களின் பின் அச்சு 3/8 அங்குலம், அதாவது 9.5 மில்லிமீட்டர். இந்த ஹப்பின் அச்சு 13/32 அங்குலம், 10.3 மில்லிமீட்டர். இரண்டிலும் அங்குலத்துக்கு 26 மரைதான், விட்டம்தான் வேறு. எனவே கடையில் கிடைக்கும் கோனும் நட்டும் இதற்கு உதவாது. 10 மில்லிமீட்டர் நட்டைப் பலவந்தமாக ஏற்றினால் அச்சின் மரையே போய்விடும். பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட, விட்டம் அளக்கும் வெர்னியர் கருவியோடு கடைக்குப் போவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. கால் அங்குலப் பால்ரஸ் குண்டுகள் மட்டும் எந்தத் தயக்கமும் இன்றி அதே கடையில் கிடைத்தன.

அச்சு நட்டுகளை லேத் பட்டறையில் கடைந்து வாங்கினேன். கோனையும் கடைந்து தர முடியுமா என்று கேட்டதற்கு, மேற்பரப்பைச் சூடேற்றிக் கடினப்படுத்தாத இரும்பில் குண்டு ஓடினால் சில மாதங்களில் பள்ளம் விழும் என்று பட்டறைக்காரர் நேர்மையாகச் சொல்லிவிட்டார். வேலை கிடைத்தால் போதும் என்று நினைக்காத அந்தக் குணத்துக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

கிளட்சுக்கும் கூட்டுக்கும் பழைய ஹப் ஒன்றைத் தேடுவதைத் தவிர வேறு வழி இல்லை. 2000ஆம் ஆண்டில் நாட்டிங்காம் ஆலை மூடப்பட்டு, உற்பத்தி தைவான் நிறுவனம் ஒன்றின் கைக்குப் போனது. அங்கே பின்னர், இரண்டாவது, மூன்றாவது கியர்களுக்கு நடுவே பெடல் வெறுமனே சுற்றும் இடத்தை நீக்குவதற்காக உள்ளமைப்பையே மாற்றிவிட்டார்கள். ஆனால் பழைய ஏ.டபிள்யூ ஹப்புகளுக்குள் ஆண்டு வேறானாலும் பெரும்பாலான பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தும். இந்த ஒரு செய்தியை நம்பித்தான் பழைய இரும்புக் கடைகளில் சொல்லி வைத்தேன். 'மூணு கியர்' என்று யார் காட்டினாலும் உறையின் எழுத்தைப் படித்தாக வேண்டும். 1950களில் சில ஆண்டுகள் மட்டும் வந்த, அதே நிறுவனத்தின் எஸ்.டபிள்யூ வகை மூன்று கியர் ஹப்பின் உள்பாகங்கள் இதற்குச் சேரா. கடைசியில், உறை நெளிந்து, போக்ஸ் துளைகள் கிழிந்த 1970களின் ஏ.டபிள்யூ ஹப் ஒன்று எடைக்கு வந்த இரும்போடு கிடைத்தது. அதன் கிளட்ச் கைகளின் விளிம்பு இன்னும் கூர்மையாக இருந்தது. ஊசி முனைகளில் தேய்மானம் இல்லை. இடப்பக்கக் கோனும் பளபளவென்று இருந்தது. நல்ல எஃகை அந்தக் காலத்தில் எவ்வளவு அக்கறையாகக் கடினப்படுத்தியிருக்கிறார்கள் என்பதை அந்த விளிம்பை நகத்தால் தடவிப் பார்த்தபோது உணர்ந்தேன்.

கொக்கிச் சுருள்கம்பிகளை நானே செய்தேன். கிட்டாரின் மெல்லிய தந்தி, சுற்று இல்லாத வெறும் எஃகுக் கம்பி. ஒடிந்த துண்டோடு தடிமன் ஒத்துப்போன தந்தியைத் தேர்ந்து, மெல்லிய ஆணியில் சுற்றி, கால்களை மூக்குக் குறட்டால் வளைத்தேன். கொக்கியை அழுத்திவிட்டால் மெதுவாக எழும்ப வேண்டும். விறைப்பாக இருந்தால் சத்தமும் தேய்மானமும் கூடும். திருப்தி தரும் வரை பல சுருள்களை ஒதுக்கினேன்.

பூட்டும்போது உள்ளே கிரீஸ் இடவில்லை. கிரீஸ் கொக்கிகளைக் கட்டிப்போடும் என்பதால், உறையின் எண்ணெய்த் துளை வழியே இலேசான இயந்திர எண்ணெய் மட்டுமே. வலப்பக்கக் கோனை விரலால் இறுக்கி, அரைச் சுற்றுப் பின்வாங்கிப் பூட்டிவிட்டு, மீதி ஆட்டத்தையெல்லாம் இடப்பக்கக் கோனில் எடுத்தேன். லீவரை நடுக் கியரில் வைத்து, வலப்பக்க நட்டின் துளை வழியே பார்க்கையில் கேபிள் இழுக்கும் சிறு கியர் சங்கிலியின் கம்பித் தோள் அச்சின் நுனிக்குச் சமமாக நிற்கும்படி கேபிளை அமைத்தேன்.

கன்னங்குறிச்சியிலிருந்து ஏற்காடு மலையடிவாரம் வரை ஓட்டிப் பார்த்ததில் மூன்று கியர்களும் பிடிக்கின்றன. மூன்றாவதில் எழுந்து நின்று மிதித்தாலும் நழுவவில்லை. வலப்பக்கக் கோனின் பாதையில் மட்டும் சிறு பள்ளங்கள் உள்ளன. சக்கரத்தைக் கையால் சுற்றினால் விரல்நுனியில் ஒரு கரகரப்பு தெரிகிறது. எடைக்கு வந்த ஹப்பின் வலக்கோனும் அதே நிலையில்தான் இருக்கிறது. 13/32 அங்குலம், 26 மரை கொண்ட நல்ல வலக்கோன் கிடைக்கும் வரை, புதிய குண்டுகளோடு மலைப்பாதையைத் தவிர்த்து ஊருக்குள் மட்டும் ஓட்டுவதாக இருக்கிறேன்.