‘காலஞ்சென்ற’ என்று போடாத பெயர்

2024 மே 18

அம்மம்மாவின் மூத்த தமையனைத் தேடத் தொடங்கியிருக்கிறேன். வீட்டில் அவரைப் பற்றி மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான். பெயர் கந்தையா. மலாயா ரயில்வேயில் கிளாக்கர், சிரம்பானில் இருந்தவர். யுத்தத்தோடு கடிதம் நின்றுவிட்டது. யுத்தத்தில் யப்பான்காரர் சயாம் (தாய்லாந்து) ரயில்பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள் என்று அம்மா கேள்விப்பட்டிருக்கிறா. ஆர் சொன்னது என்று கேட்டால் தெரியாது.

மே 19

சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய மலாயாப் பேப்பர்களை இணையத்தில் சொல் போட்டுத் தேடும்படி வைத்திருக்கிறது. பெரிய உபகாரம். ஆனால் எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பனின் முதலெழுத்து ஒன்றுதான் பிடி. தகப்பன் சின்னத்தம்பி. அதை ஆங்கிலத்தில் ‘எஸ்’ஸிலும் எழுதுவார்கள், ‘சி’யிலும் எழுதுவார்கள். கந்தையாவும் அப்படித்தான், ‘கே’ அல்லது ‘சி’. நாலு விதமாகவும் போட்டுப் பார்த்தேன். அச்சு மங்கிய இடத்தில் கணினி எழுத்தை மாறி வாசிக்கும் என்பதால் பெயரை விட்டுவிட்டு ஊரையும் ரயில்வேயையும் போட்டும் தேடினேன்.

இரவு இரண்டு மணிக்கு, 1941ஆம் ஆண்டு மலாயா ட்ரிபியூனில், சிரம்பான் கிரிக்கெட் அணியொன்றின் பட்டியலில் கடைசிப் பெயராக ஒரு எஸ். கந்தையா. இவர்தான் என்று அடித்துச் சொல்லமாட்டேன். 1942 பெப்ரவரி 15 சிங்கப்பூர் விழுந்தது. யுத்தம் முடியும்வரை அந்தப் பேப்பரும் இல்லை.

மே 25

இன்றைக்குக் கிடைத்ததை நாலைந்து தடவை வாசித்துவிட்டேன்.

ஈழத்துப் பழைய நூல்களையும் பேப்பர்களையும் சேர்த்துவைத்திருக்கும் ‘நூலகம்’ இணையத்தளத்தில், யாழ்ப்பாணப் பேப்பரான ஈழநாட்டின் இதழ்களைத் தட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் மரண அறிவித்தல் ஒவ்வொன்றும் ஒரு வம்சாவளி: பிறந்த ஊர், கொண்ட இடம், பிள்ளைகள், மருமக்கள், சகோதரங்கள் எல்லாம் விரல் நீளப் பெட்டிக்குள் இருக்கும். இறந்தவர்களின் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று தவறாமல் போடுவார்கள். 1963இல் பூட்டன் செத்ததற்கான அறிவித்தல் இது. பூட்டன்தான் சின்னத்தம்பி, கந்தையாவின் தகப்பன். பூட்டனுடைய தகப்பனுக்குக் ‘காலஞ்சென்ற’ போட்டிருக்கிறது. மாமனாருக்குப் போட்டிருக்கிறது. பிள்ளைகளின் வரிசையில் “கந்தையா (மலாயா)” என்று மட்டும் நிற்கிறது.

அப்படியென்றால் 1963இல் ஆள் உயிரோடு இருந்தாரா?

மே 26

தெல்லிப்பழைக்குச் சின்னம்மம்மாவுக்கு ஃபோன் எடுத்தேன். 92 வயது, காது மட்டும்தான் மந்தம். அறிவித்தலை உரத்து வாசித்தேன். கன நேரம் சத்தமில்லை.

“அது ஆச்சி போட விடேல்லை மோனை. பெரியய்யா எழுதிக்கொண்டு வந்து வாசிச்சவர். ‘ஆர் கண்டது, செத்தவன் எண்டு?’ எண்டு கேட்டவ. அவர் பேனையாலை அந்தச் சொல்லை வெட்டினதை நான் பாத்தனான்.”

பேப்பரில் வந்ததை அப்படியே தகவலாக எடுத்து, மலேசியாவில் 1963க்குப் பிந்திய பேப்பர்களைத் தேட ஆயத்தமாக இருந்தேன். அறிவித்தலை எழுதுவது வீட்டுக்காரர் என்பதை மறந்துபோனேன்.

ஜூன் 1

1981இல் இதே நாட்களில்தான் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தார்கள். 97,000 புத்தகங்கள். ஈழநாடு அலுவலகமும் அப்போதுதான் எரிந்தது. அந்த ஆச்சி, கந்தையாவின் தாய், என் பூட்டி, செத்தது 1974இல். அந்த மாதத்து ஈழநாடு எனக்கு எங்கும் அகப்படவில்லை.

ஜூன் 4

கொழும்பு, தேசிய சுவடிகள் திணைக்களம். ஈழநாட்டுக்குப் பதிலாக, அதே மாதத்து வீரகேசரிப் பேப்பரின் கட்டிய தொகுதியைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஓரம் தொட்டால் உதிர்கிறது. ஒவ்வொரு தாளையும் இரண்டு கையாலும் தாங்கித்தான் திருப்பினேன். பத்தொன்பதாம் நாளின் தாளில் பூட்டி இருந்தா.

பிள்ளைகளின் வரிசை இப்படித் தொடங்குகிறது: “காலஞ்சென்ற கந்தையா”. 11 வருடத்தில் மலாயாவிலிருந்து புதிதாக ஒரு தகவலும் வந்திருக்கவில்லை. இந்தத் தடவை மறிக்க ஆச்சி இல்லை.

பென்சிலால் முழுவதையும் பார்த்தெழுதிக்கொண்டு வந்து இரவு அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முதல் பெயரை மட்டும் இன்னொருக்கால் வாசிக்கச் சொன்னா.