கல்லுக்குள் போன மழை

தெற்குப் பிரான்சில் ஃப்ளோராக் என்ற சிற்றூரிலிருந்து மியோ நகரம் வரை மலைச்சைக்கிளில் ஐந்து நாட்கள் பயணம் செய்தேன். காரில் போகிறவர்கள் இதை ஒரு காலைப்பொழுதில் கடந்துவிடுவார்கள். நான் போன வழியில் தார்ச்சாலை குறைவு. மந்தைகள் தலைமுறை தலைமுறையாக நடந்து தேய்த்த தடங்கள்தான் அதிகம். அந்த ஊர்க்காரர்கள் அவற்றை 'த்ராய்' என்கிறார்கள். நாட்டின் நடுவே மொர்வான் பகுதியில் தொடங்கி மத்தியதரைக் கடல் வரை ஏறக்குறைய 1400 கிலோமீட்டர் நீளும் மலைச்சைக்கிள் தடம் ஒன்று இந்தப் பகுதியின் வழியாகச் செல்கிறது. முக்கோணம் ஒன்றும் வட்டங்கள் இரண்டும் வரைந்த சிறிய பலகையைக் கண்டால் வழி தவறவில்லை என்று பொருள்.

இங்கே நிலம் இரண்டு அடுக்காக இருக்கிறது. மேலே 'கோஸ்' எனப்படும் சுண்ணாம்புக்கல் பீடபூமிகள். அவற்றைப் பிளந்துகொண்டு கீழே தார்ன், ஜோந்த், துர்பி ஆறுகள் ஓடும் பள்ளத்தாக்குகள். ஒரு பீடபூமியிலிருந்து அடுத்ததற்குப் போக நானூறு, ஐந்நூறு மீட்டர் இறங்கி மறுபடியும் அவ்வளவு ஏற வேண்டும். வரைபடத்தில் பார்த்தபோது இது எனக்கு உறைக்கவில்லை. ஃப்ளோராக்கின் தலைக்கு மேல் நிற்கும் பாறைச் சுவரைச் சுற்றிச் சுற்றி ஏறும் பாதையில் தொடைகள் கனத்தபோதுதான் உறைத்தது.

ஏறி முடித்ததும் கண்ட காட்சியை மறக்க முடியாது. மலையுச்சி என்று நினைத்து ஏறியவனுக்குப் பெரிய புல்வெளி காத்திருந்தது. கோஸ் மெஜான் என்ற அந்தப் பீடபூமியில் மரங்கள் அரிது. ஜூன் மாதம் என்பதால் இறகு போன்ற வெண்கதிர்களோடு ஒருவகைப் புல் வளர்ந்து காற்றில் சாய்ந்து சாய்ந்து எழுந்தது. 'தேவதைகளின் கூந்தல்' என்று அதற்குப் பெயர். ஊர்கள் என்றால் ஐந்தாறு கல்வீடுகள், ஒரு கோயில், ஒரு கல்லறைத் தோட்டம். பிறகு மைல்கணக்கில் ஒன்றுமில்லை.

என் இரண்டு குப்பிகளும் முதல் நாள் பிற்பகலுக்குள் காலியாகிவிட்டன. இந்தப் பீடபூமியில் ஓடை கிடையாது, ஊற்றும் காணக் கிடைப்பதில்லை. பிரான்சில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த உபாயம் ஒன்று உண்டு: ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் பூச்செடிகளுக்கு ஊற்ற ஒரு குழாய் இருக்கும், அங்கே நிரப்பிக்கொள்ளலாம். அப்படி ஒரு குழாயைத் தேடிக் கரடுமுரடான சரிவில் வேகமாக இறங்கியபோதுதான் பின் டயர் கிழிந்தது.

வாடகைக்கு எடுத்த சைக்கிள் அது. டயரின் பக்கவாட்டு ஏற்கெனவே தேய்ந்திருந்ததை நான் பார்த்திருக்க வேண்டும். கொடுத்தவரும் பார்த்திருக்க வேண்டும். ட்யூப் இல்லாத இவ்வகை டயருக்குள் பால் போன்ற திரவம் ஊற்றியிருப்பார்கள். முள் குத்தினால் அதுவே ஓட்டையை அடைத்துவிடும். ஆனால் சுண்ணாம்புக்கல்லின் விளிம்பு கத்தியைப் போல அறுத்திருந்ததால் விரல்கடை நீளத்துக்குப் பிளந்து, அந்தப் பால் முழுவதும் என் காலிலும் செயினிலும் தெறித்தது. டயரைக் கழற்றி, ஐந்து யூரோ நோட்டு ஒன்றை நான்காக மடித்துக் கிழிசலுக்கு உட்புறம் வைத்து, பையிலிருந்த ட்யூபைச் செருகிக் காற்றடித்தேன். நோட்டுக்குப் பயன்படுத்தும் தாள் பருத்தி இழையில் செய்தது, எளிதில் கிழியாது. அந்த ஐந்து யூரோ மியோ வரை தாங்கியது.

நான் பம்போடு போராடுவதைப் பார்த்துப் பக்கத்துப் பண்ணையிலிருந்து ஓர் அம்மா பெரிய கூஜாவில் தண்ணீர் கொண்டுவந்தார். அறுபது வயதிருக்கும். நான் நின்றபடியே இரண்டு குவளை குடித்துவிட்டு, "இங்கே மழையே பெய்யாதா அம்மா?" என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கேட்டேன்.

"மழைக்குக் குறைவில்லை. நிலம்தான் அதை வைத்துக்கொள்ளாது" என்றார்.

அந்தப் பயணத்தை எனக்கு விளக்கிய வாக்கியம் அதுதான். பெய்யும் மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் இறங்கி மறைந்துவிடுகிறது. ஆகவே இங்கே வாழ்ந்தவர்கள் ஒவ்வொரு சொட்டையும் வழிமறித்துப் பிடிக்கக் கற்றார்கள். தம் பண்ணைக்குப் பின்னால் இருந்த 'லவோஞ்' ஒன்றை அந்த அம்மா காட்டினார். ஆடுகளுக்கான குட்டை அது. வட்டமாகத் தோண்டி, அடியில் களிமண் மெழுகி, அதன் மேல் தட்டைக் கற்களை நெருக்கமாகப் பாவியிருந்தார்கள். கல் எதற்கு? வெறும் களிமண்ணை ஆட்டின் குளம்பு குத்திக் குத்தி ஓட்டையாக்கிவிடும். தண்ணீர் ஒரே வாரத்தில் போய்விடும். ஊருணிகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தப் பாசி படிந்த படிச்சரிவில் உட்காரத் தோன்றியது, உட்கார்ந்தேன்.

அடுத்த நாள் லெ வில்லாரே அருகே பிரெவால்ஸ்கி குதிரைகளைத் தொலைவிலிருந்து கண்டேன். மங்கோலியப் புல்வெளிக்குரிய இந்தக் காட்டுக்குதிரைகளை 1993 முதல் இங்கே வளர்க்கிறார்கள். பிறகு பெர்ஷுரே கணவாய். 1960 ஆம் ஆண்டு தூர் த பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் ரோஜே ரிவியேர் என்ற வீரர் இந்தக் கணவாயிலிருந்து இறங்கும்போது பள்ளத்தில் விழுந்து முதுகெலும்பு முறிந்தார். அப்போது அவருக்கு வயது 24. அதன் பிறகு அவர் பந்தயம் ஓட்டவில்லை. சாலையோரத்தில் நினைவுக்கல் இருக்கிறது. மெய்ருயெஸ் என்ற ஊர் வரை பிரேக்கிலிருந்து விரலை எடுக்காமல் இறங்கினேன். மேலே பிணந்தின்னிக் கழுகுகள் வட்டமிட்டன. வேட்டையாலும் நஞ்சாலும் இங்கே அற்றுப்போன அவற்றை 1981 முதல் ஜோந்த் பள்ளத்தாக்கில் மீண்டும் விட்டு வளர்த்திருக்கிறார்கள்.

மூன்றாம் நாள் கோஸ் நுவார் பீடபூமியின் பைன் காடுகளைக் கடந்து துர்பி பள்ளத்தாக்கில் நாந்த் என்ற ஊருக்கு இறங்கினேன். அதன் அருகில்தான் துர்சோன் ஊற்று. மரங்களுக்கு நடுவே பாறையடியில் ஒரு பச்சைக் குளம், சலசலப்பே இல்லை. ஆனால் அதிலிருந்து ஓர் ஆறே புறப்பட்டுப் போகிறது. மேலே லார்சாக் பீடபூமியில் பெய்து மறைந்த மழைதான் இங்கே வெளியே வருகிறது. இன்று அந்த நீரையே குழாய் வழியாக மறுபடியும் பீடபூமிக்கு ஏற்றிக் குடிக்கிறார்கள். மூன்று நாட்களாகத் தண்ணீர்த் தாகத்தோடு மேலே சுற்றிய எனக்கு அந்தக் கரையை விட்டுக் கிளம்ப மனம் வரவில்லை.

நான்காம் நாள் மாலை லா கூவெர்த்துவாராத் ஊரை அடைந்தேன். 12 ஆம் நூற்றாண்டில் டெம்ப்ளர்கள் என்ற கிறித்தவப் போர்த்துறவிகள் கோட்டை கட்டிய ஊர் இது. சிலுவைப் போருக்குப் பணமும் குதிரையும் அனுப்ப அவர்களுக்கு லார்சாக்கின் மந்தைகள் தேவைப்பட்டன. டெம்ப்ளர் அமைப்பு 1312 இல் கலைக்கப்பட்ட பின் ஊர் ஹாஸ்பிட்டலர்கள் என்ற மற்றொரு போர்த்துறவி அமைப்பின் கைக்கு வந்தது. இப்போது ஊரைச் சுற்றி நிற்கும் மதில் 15 ஆம் நூற்றாண்டில் அவர்கள் கட்டியது. மதிலை எல்லோரும் படம் எடுக்கிறார்கள். நான் கூரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உத்தரத்துக்கு மரம் கிடைக்காத நாடு; ஆகவே வீடு முழுவதும் கல் வளைவின் மேல் நிற்கிறது, கூரையும் கற்பலகைதான். கீழ்த்தளம் ஆடுகளுக்கு, மாடி மனிதர்களுக்கு. கூரையில் விழும் மழை கல்லில் குடைந்த தொட்டிக்குப் போகிறது. தேவாலயத்தின் கூரைநீரைக்கூட விட்டுவைக்கவில்லை.

கதவுகளில் ஒரு பெரிய முட்செடிப் பூவைக் காயவைத்து ஆணியடித்து மாட்டியிருக்கிறார்கள். 'கார்தபெல்' என்று பெயர். தட்டளவு அகலம், நடுவில் வைக்கோல் நிறத்தில் ஒரு சூரியன். காய்ந்த பிறகும் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப அது அசையும். மழை வரப்போகிறது என்றால் இதழ்களை மூடிக்கொள்ளும். நான் தங்கிய வீட்டுக் கதவிலிருந்த பூ ஆறு மணிக்குப் பாதி மூடியிருந்தது. எட்டு மணிக்கு இடியோடு மழை கொட்டியது. தெருக்கற்களில் அரைமணி நேரம் ஆறாக ஓடிய தண்ணீர், மழை விட்டதும் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது.

கடைசி நாள் லா கவல்ரி வழியாகப் போனேன். இங்கேயிருந்த இராணுவ முகாமை 3000 ஹெக்டேரிலிருந்து 17000 ஹெக்டேராக விரிவாக்கப் போவதாக 1971 இல் அரசு அறிவித்தது. ரோக்ஃபோர் என்ற பாலாடைக்கட்டிக்கு ஆட்டுப்பால் கறந்து வாழ்ந்த விவசாயிகளின் நிலம் அது. மறு ஆண்டு லான்சா தெல் வாஸ்தோ என்பவர் லா கவல்ரிக்கு வந்து பதினைந்து நாட்கள் உண்ணாநோன்பு இருந்தார். 1937 இல் வார்தாவில் காந்தியடிகளோடு தங்கி, அவரிடமிருந்து 'சாந்திதாஸ்' என்ற பெயரைப் பெற்றவர் அவர். அந்தச் சமயத்தில் 103 விவசாயிகள் நிலத்தை விற்பதில்லை என்று கையெழுத்திட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ஆடுகளைப் பாரிசுக்குக் கொண்டுபோய் ஐஃபெல் கோபுரத்தடியில் மேயவிட்டார்கள். லா பிளாக்கியேரில் அனுமதி இல்லாமலேயே ஆட்டுப்பட்டி கட்டினார்கள். பத்தாண்டுகள் ஒருவரையும் அடிக்காமல் நின்றார்கள். 1981 இல் குடியரசுத் தலைவரான மித்தெரான் திட்டத்தைக் கைவிட்டார். அந்த ஆட்டுப்பட்டியின் கல்வளைவு முன் நான் நீண்ட நேரம் நின்றேன். அகிம்சை என்ற நம் நாட்டின் ஒரு சொல் இவ்வளவு தூரம் வந்து, இந்த வறண்ட கல்லில் பிடித்துக்கொண்டிருக்கிறது. தொண்டை அடைத்தது.

மியோவுக்கு இறங்கும் வளைவுகளில் மேற்கே அந்தப் பெரிய பாலம் தெரிந்தது. 2004 இல் திறந்தது. நீளம் 2460 மீட்டர், உயரம் 343 மீட்டர். ஏழு தூண்களில் பள்ளத்தாக்கையே தாண்டிப் போகிறது. அதன் மேல் செல்லும் வண்டிகள் இறங்கவும் வேண்டாம், ஏறவும் வேண்டாம்.

ஊருக்குள் துர்பி, தார்னோடு கலக்கும் இடத்துக்குப் போய், செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கினேன். முழங்கால் வரை சில்லென்றிருந்தது. இது துர்சோனின் நீரும் சேர்ந்த ஆறு. முந்தின நாள் மாலை தெருவில் நான் பார்த்துக்கொண்டிருந்த மழை இன்னும் பாறைக்குள் வந்துகொண்டிருக்கும்.