பின் பிரேக்கில் ஏர் எடுத்த கதை

ஜூன் 8, ஞாயிறு

ஒட்டன்சத்திரம் சந்தையில் முருங்கைக்காயை இறக்கிவிட்டுத் திரும்பும்போதே என் லோடு வண்டியின் பிரேக் பெடல் வழக்கத்தைவிடக் கீழே போனது. வீட்டுக்கு வந்து பார்த்தால் பின் இடது சக்கரத்தின் உள்பக்கம் ஈரம். டிரம்மைக் கழற்றினேன். பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் கப் கிழிந்து, ஷூவில் டிரம்மை உரசும் லைனிங் முழுக்க பிரேக் ஆயில். ஆயில் குடித்த லைனிங்கைத் துடைத்துப் போட எனக்கு மனசு வராது, இரண்டு டன் பாரத்தை அதுதான் நிறுத்த வேண்டும். இரண்டு பக்கமும் புது ஷூ, இடது பக்கம் புது சிலிண்டர் போட்டேன்.

சாயங்காலம் ஏர் எடுக்க, அதாவது பிரேக் பைப்பில் புகுந்த காற்றை வெளியேற்ற, உட்கார்ந்தோம். பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரம் முதலில்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. மனைவி பெடலில், நான் வண்டிக்கு அடியில். நான் "அமுக்கு" என்றால் அவள் "அமுக்கிட்டேன்" என்று சொன்ன பிறகுதான் காற்றை வெளியே விடும் திருகான நிப்பிளைத் திறப்பேன். அதை மூடி நான் "விடு" என்று சொல்லும்வரை அவள் காலை எடுக்கக் கூடாது. முறை சரிதான். ஆனால் பிரேக் ஆயில் டேங்கைப் பார்க்காமல் விட்டுவிட்டேன். ஆயில் அடிமட்டத்துக்குப் போய், மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே காற்று ஏறிவிட்டது.

ஜூன் 9, திங்கள்

லோடு வேறொருவர் வண்டியில் போனது. வாடகை நஷ்டம்.

மாஸ்டரில் பைப் நட்டை லேசாகத் தளர்த்தி அங்கேயே காற்றை வெளியேற்றினேன். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்தேன். பழைய மாஸ்டரில் பிஸ்டன் வழக்கமாகப் போகாத அடிப்பகுதியில் துரு பிடித்திருக்கும். தரைவரை மிதித்தால் அந்தத் துருவில் உரசி நல்ல கப்பும் கிழிந்துவிடும்.

முன் சக்கரங்களில் ஆயில் பீய்ச்சி அடித்தது. பின்னால் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. ஒரு லிட்டர் டாட் 3 பிரேக் ஆயில் காலி. பெடல் இன்னும் பஞ்சு மூட்டையை மிதிப்பது போல இருக்கிறது. நிப்பிள் வழியாக வந்த பழைய ஆயிலைத் திரும்ப ஊற்றவில்லை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 குறைந்தது 205 டிகிரிவரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் 140-லேயே கொதிக்கலாம். மலை இறக்கத்தில் அந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது.

ஜூன் 10, செவ்வாய்

பின் ஹோஸ் உள்ளே அடைத்திருக்கும் என்று நினைத்து, ஹோஸுக்கு முன்னால் பைப்பைக் கழற்றினேன். அங்கும் சொட்டுத்தான். அப்படியென்றால் அடைப்பு அதற்கும் முன்னால். பைப்பைத் தடவிக்கொண்டே போனால், வண்டியின் அடிச்சட்டமான சேஸில் ஒரு வால்வு, அதிலிருந்து பின் அச்சின் ஹவுசிங்குக்கு ஒரு கம்பி.

மாமா லாரிப் பட்டறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். போன் போட்டதும் வந்துவிட்டார். வண்டியைத் தொடவே இல்லை, குனிந்து பார்த்தார். "ஸ்டாண்டை சேஸுக்குக் குடுத்திருக்கே மாப்ளே. ஹவுசிங் தொங்குது பாரு. வண்டி காலின்னு நினைச்சு வால்வு மூடிக்கிருச்சு."

அதுதான் லோடு சென்சிங் வால்வு. பாரம் ஏறினால் ஸ்பிரிங் பட்டை அமுங்கி, சேஸுக்கும் ஹவுசிங்குக்கும் இடைவெளி குறையும். கம்பி வால்வைத் திறந்து பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். காலி வண்டியில் பின் சக்கரம் பூட்டி இழுக்காமல் இருக்க அழுத்தத்தைக் குறைக்கும். நான் சேஸைத் தூக்கியதில் இடைவெளி காலி வண்டியைவிட அதிகமாகிவிட்டது.

ஸ்டாண்டை ஹவுசிங்குக்கு அடியில் மாற்றி, மேலே பத்து மூட்டை மணல் ஏற்றினோம். என் வண்டியில் வால்வுக்கே தனி நிப்பிள் உண்டு. அதில் முதலில் எடுத்தபோது வெள்ளை நுரையாக வந்தது. அதன்பின் பின் இடதில் குழாய் நிறைய ஆயில், குமிழி குமிழியாக. எனக்குக் கை நடுங்கியது, அவ்வளவு சந்தோஷம்.

ஜூன் 12, வியாழன்

குமிழி நின்றுவிட்டது. ஆனாலும் முதல் மிதியில் பெடல் கீழே போகிறது, உடனே மறுபடி மிதித்தால் மேலேயே கல் மாதிரி நிற்கிறது. மறுபடியும் ஏர் எடுக்கக் கை பரபரத்தது. மாமா தடுத்தார். காற்று இருந்தால் பெடல் ஸ்பிரிங் போலத் துள்ளும். மறு மிதியில் உயர்ந்து கெட்டியானால் முதலில் ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும். மிதித்துப் பிடிக்கும்போது மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே போனால், வெளியே கசிவும் இல்லையென்றால், மாஸ்டர் கப் போய்விட்டது. எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் ஒருமுறை லேசாக இறங்குவது, மிதியை எளிதாக்கும் பூஸ்டரின் வேலை, அது கோளாறு இல்லை.

ஹேண்ட் பிரேக் கேபிளைத் தளர்த்திவிட்டு, அந்த இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் பல்லை சக்கரம் உரசும்வரை ஏற்றி, அப்புறம் சுதந்திரமாகச் சுற்றும்வரை இறக்கினேன். பெடல் முதல் மிதியிலேயே நின்றது. ஒரு நிமிஷம் அழுத்திப் பிடித்தேன், இறங்கவில்லை.

ஜூன் 13, வெள்ளி

முதலில் காலி வண்டியை வாய்க்கால் மேட்டுப் பாதையில் மெதுவாக ஓட்டி நிறுத்திப் பார்த்தேன். அப்புறம் மணல் மூட்டைகளோடு. ஒரு பக்கமும் இழுக்கவில்லை. நான்கு நிப்பிளும், வால்வும், பைப் நட்டுகளும் காய்ந்த துணியால் துடைத்துப் பார்த்ததில் ஈரம் இல்லை. பெயின்ட் மேல் சிந்திய ஆயிலைத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டேன்.

பின் வலது நிப்பிளின் ரப்பர் மூடி மட்டும் காணவில்லை. சேறு புகுந்தால் அடுத்த தடவை திறக்காது. காலையில் லோடு ஏற்றப் போகும் வழியில் வாங்கிப் போட வேண்டும்.