கலிபர் கறள் எடுக்கப் போய் கிறீஸில் மாட்டுப்பட்டேன்

கறள் எடுத்தது ஒரு சனிக்கிழமை. பிழையான கிறீஸைப் போட்டதால் வந்த சீரழிவு முடிய அதன் பிறகு மூன்று கிழமை எடுத்தது. காரின் பிரேக் கலிபரை, அதாவது பிரேக் பேட்களைச் சில்லோடு சுழலும் டிஸ்கில் அழுத்தும் பாகத்தை, வீட்டில் கழற்ற நினைக்கிறவர்கள் இதை வாசித்துவிட்டு ஸ்பெனரைத் தூக்குங்கள்.

மட்டக்களப்புக் கல்லடியில் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிறோம். மாரி மாதங்களில் வாடைக்காற்று கொண்டுவரும் உப்பு ஜன்னல் கொண்டியைக்கூட விடாது, காரின் அடிப்பக்கத்தை விடுமா? மழை ஓய்ந்தபோது முன்சில்லு இரண்டிலும் கலிபர் செம்மண் பூசியதுபோல இருந்தது. பிரேக்கை விட்ட பிறகும் இடப்பக்கம் உரசும் சத்தம் கேட்டது.

ஜக் அடித்து, ஸ்டாண்ட் வைத்து, சில்லைக் கழற்றியதில் சிக்கல் இல்லை. கலிபரைக் கழற்றியதும் பிரேக் ஒயில் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டிவிடுங்கள். பிரேக் தூசியை ஊதவே வேண்டாம். பழைய பேட்களில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். மாஸ்க் போட்டு, ஈரத்துணியால் துடையுங்கள்.

பேட் உட்காரும் பிராக்கெட் வார்ப்பிரும்பு. அதை மட்டும் தனியாகக் கழற்றி ஒரு வாளி வினாகிரியில் இரவு முழுக்க ஊறவைத்தேன். கலிபரின் உடம்பை அப்படி ஊறவைக்கக் கூடாது. அதற்குள் பேட்டைத் தள்ளும் பிஸ்டனும் ரப்பரும் இருக்கின்றன, சில கார்களில் அது அலுமினியமும்கூட. அதற்குக் கம்பி பிரஷ்தான், அதுவும் ரப்பர் உறையில் படாமல்.

விடிய பிராக்கெட்டை எடுத்தால் கறள் கறுப்புச் சேறாகக் கழன்று வந்தது. கழுவி நிழலில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் மஞ்சள் பொடி பூத்தாற்போல புதுக் கறள்! திரும்பவும் வினாகிரி, பிறகு அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் ஒரு முக்கு, உடனே துணியால் துடைத்து வெயிலில் சுட்ட தகரத்தின்மேல் வைத்தேன். அப்போதுதான் நின்றது. காய்ந்த சூட்டோடு, சூடு தாங்கும் பெயின்ட் அடித்தேன். பேட் உட்காரும் இடத்தில் பெயின்ட் படவே கூடாது. அந்த இடத்தில் ஸ்டீல் கிளிப்புக்கு அடியில் கறள் படிந்து கிளிப்பை மேலே தூக்கியிருந்தது. பேட் இறுகியதற்கு அதுதான் காரணம். சின்ன அரத்தால் மெல்ல உரசி எடுத்தேன்.

இனித்தான் பிழை. கலிபர் அசைவதற்கு இரண்டு பின்கள் உண்டு, அவற்றுக்குக் கிறீஸ் வேண்டும். பக்கத்து ஹாட்வெயார் கடையில் "பிரேக் பின்னுக்கு" என்று சொல்லியே கேட்டேன். கடைக்காரர் ஒரு டின்னை நீட்டி, "எல்லாத்துக்கும் இதுதான் தம்பி" என்றார். நம்பிப் போட்டேன்.

முதல் கிழமை பிரேக் வெண்ணெய் மாதிரி வேலை செய்தது. மூன்றாம் கிழமை களுவாஞ்சிக்குடி போய்த் திரும்பும்போது ஆரையம்பதி தாண்ட ஒரு தீய்ந்த மணம். இறங்கிப் பார்த்தால் இடது முன்சில்லுக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோக முடியவில்லை. பிள்ளைகள் பின்சீட்டில். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. காத்தான்குடிக்குப் போன நேரம் ஜும்ஆ, கடையெல்லாம் பூட்டு. அரை நாள் லீவு வீண். சனிக்கிழமை திரும்பப் போனேன். கராஜ்காரக் காக்கா பின்னை முறுக்கி இழுத்தெடுத்துக் காட்டினார். நுனியில் இருந்த ரப்பர் புஷ், அதாவது பின்னைச் சுற்றியிருக்கும் சின்ன வளையம், ஊதிப் பருத்து, துளைக்குள் இறுகிக் கிடந்தது.

"தம்பி, பெற்றோலியத்தில இருந்து வாற கிறீஸ் இந்த ரப்பருக்கு ஆகாது. சிலிக்கோன் கிறீஸ்தான் போடணும்."

இன்னொன்றும் சொன்னார். புஷ் உள்ள பின்னுக்கும் இல்லாத பின்னுக்கும் இடம் வேறு, மாற்றிப் பூட்டினாலும் இறுகும். நான் கழற்றும்போதே படம் எடுத்து வைத்ததால் அந்தப் பிழை நடக்கவில்லை.

ரிப்பெயர் கிட் வாங்கி, பழைய கிறீஸைப் பிரேக் கிளீனரால் முழுக்கத் துடைத்து, நானே பூட்டினேன். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மேலே பிரேக் ஒயில் டாங்கியைப் பாருங்கள். எனக்கு ஒயில் வழிந்து காரின் பெயின்டில் பட்டது, உடனே தண்ணீர் ஊற்றியதால் தப்பியது. பூட்டி முடித்ததும் காரை நகர்த்துவதற்கு முன் பெடலைப் பலமுறை மிதியுங்கள். முதல் மிதி வெறுமையாகத் தரைவரை போகும். அந்த நிலையில் ரோட்டில் இறங்கினால் கார் நிற்காது.

போன ஞாயிறு திரும்பவும் களுவாஞ்சிக்குடி போய் வந்தோம். வீட்டு வாசலில் இறங்கி இரண்டு முன்சில்லுக்கும் கிட்டக் கையை வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே சூடு.