போர்ட்டோ நாட்குறிப்பு: ஐந்து பேரும் ஒரு மக்குத்தொட்டியும்

26 பிப்ரவரி 2024
ஜெர்மனியில் மெக்கட்ரானிக்ஸ் படிக்கிறேன். இந்த ஒரு செமஸ்டர் மட்டும் போர்ச்சுகலில். போர்ட்டோவிலுள்ள இசெப் பொறியியல் கல்லூரியின் ‘ஐரோப்பியன் ப்ராஜெக்ட் செமஸ்டர்’. பல நாட்டு மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒரு ப்ராஜெக்ட் செய்ய வேண்டும். 1995இல் டென்மார்க்கில் ஆர்விட் ஆண்டர்சன் தொடங்கி வைத்த ஏற்பாடு இது. மொத்தம் 30 கிரெடிட், அதில் 20 ப்ராஜெக்டுக்கே. மிச்சத்தை மார்க்கெட்டிங், அறவியல், போர்த்துகீசிய மொழி போன்ற பாடங்கள் தலா 2 எனப் பங்குபோட்டுக்கொள்கின்றன.

மழை விடவே இல்லை. வீட்டில் ஹீட்டர் கிடையாது. வெளியே இருப்பதைவிட உள்ளேதான் குளிர் அதிகம்.

1 மார்ச்
குழு முடிவாகிவிட்டது. வடிவமைப்பு படிக்கும் பெல்ஜியம் பையன், சுற்றுச்சூழல் படிக்கும் போலந்துப் பெண், வணிகம் படிக்கும் ஜெர்மன், மின்னியல் படிக்கும் ஸ்பெயின் பையன், நான். குழுவில் யாருக்கு எந்தப் பங்கு பொருந்தும் என்று பார்க்கும் பெல்பின் தேர்வு வைத்தார்கள். அதில் ஒன்பது வகை மனிதர்கள். எங்கள் குழுவில் யோசனை கொட்டுகிறவர்கள் மூன்று பேர். எடுத்த வேலையை முடிக்கிறவள் நான் ஒருத்திதான். விளங்கிடும்.

21 மார்ச்
எங்கள் ப்ராஜெக்ட், காய்கறிக் கழிவை மக்கவைத்து உரமாக்க அடுக்களையில் வைக்கும் சின்ன மக்குத்தொட்டி. உள்ளே வெப்பமும் ஈரமும் அளக்க சென்சார்கள். கேட்க எளிதாகத்தான் இருந்தது.

இன்று சண்டை. சிங்க்குக்குக் கீழே அடங்காவிட்டால் யாரும் வாங்க மாட்டார்கள் என்கிறான் ஜெர்மன். அவ்வளவு சின்னத் தொட்டியில் சூடே ஏறாது என்கிறாள் போலந்துக்காரி. நன்றாக மக்குகிற குவியல் 50, 60 டிகிரி வரை போகும்; கொஞ்சமாக இருந்தால் உண்டாகிற சூடு அத்தனையும் பக்கவாட்டிலேயே போய்விடும். இரண்டு பேர் சொல்வதும் சரி, அதுதான் தொல்லை. கடைசியில் பெல்ஜியம் பையன்தான் கார்க்கால் உறை போடலாம் என்றான். உலகத்துக் கார்க்கில் பாதி இந்த நாட்டில்தான் விளைகிறது. இதற்கு மூன்று மணி நேரம்!

11 ஏப்ரல்
சென்சாரைத் தாங்கும் கொக்கியை பெல்ஜியம் பையன் பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் 3டி பிரிண்டரில் அச்சடித்து வைத்திருந்தான். பிஎல்ஏ 60 டிகிரியிலேயே இளகிவிடும். சொன்னால் கேட்கவில்லை. கெட்டிலில் வெந்நீர் வைத்து, கொக்கியை ஒரு குவளைக்குள் போட்டேன். கொஞ்ச நேரத்தில் எடுத்து விரலால் தொட்டதும் வெந்த சேமியா மாதிரி துவண்டது. பேச்சே இல்லாமல் பெட்ஜி என்ற வேறு பிளாஸ்டிக்குக்கு மாறினான். அது 80 வரை தாங்கும்.

18 ஏப்ரல்
இன்றுதான் நிஜமான தலைவலி. குழுவில் ஒருவருக்கொருவர் மதிப்பெண் போட வேண்டும், தனக்கும் சேர்த்து. தொழில்நுட்பப் பங்களிப்பு, பிறர் யோசனைக்குக் காதுகொடுத்தது, முன்முயற்சி என்று தலைப்புகள்.

ஊரில் பி.இ. கடைசி வருஷ ப்ராஜெக்ட் எப்படி நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருத்தன் வேலை செய்வான், ஒருத்தன் பைண்டிங் கடைக்கு அலைவான், மற்ற இருவரும் வைவாவுக்குச் சட்டையை அயர்ன் பண்ணிக்கொண்டு வருவார்கள். கூட்டாளியைக் காட்டிக்கொடுப்பதாவது! இங்கே ஸ்பெயின் பையன் எங்கள் வீட்டில் வந்து சமைத்துப் போடுகிறவன். ஆனால் கூட்டக் குறிப்பு எழுதும் முறை வந்தால் மட்டும் ஆள் காணாமல் போய்விடுவான். குறைத்துத்தான் போட்டேன். ராத்திரி அவனிடமே சொல்லியும்விட்டேன். “நானும் எனக்கு அதே மார்க்தான் போட்டேன்” என்றபடி உருளைக்கிழங்கு ஆம்லெட்டைத் திருப்பிப் போட்டான்.

25 ஏப்ரல்
இங்கே சர்வாதிகாரத்தை வீழ்த்திய கார்னேஷன் புரட்சிக்கு 50 வருஷம். அலியாதோஸ் அவென்யூவில் கால் வைக்க இடமில்லை, கை கையாகச் சிவப்புப் பூ. ஜெர்மன் மட்டும் கணக்கு ஷீட்டை அனுப்பிக்கொண்டே இருந்தான்.

23 மே
தொட்டிக்குள் 46 டிகிரி! கார்க் கைகொடுத்துவிட்டது. பழ ஈயும் வந்துவிட்டது, அது வேறு கதை. காய்கறித் தோல் மட்டும் போட்டால் ஈரம் கூடி நாறுகிறது. அட்டையைக் கிழித்துச் சேர்த்த பிறகுதான் அடங்கியது. காபிச் சக்கை தினமும் வாளி நிறைய வருகிறது. தெருமுனைக் கடைக்காரரோடு கால்பந்து பேசிப் பேசியே ஸ்பெயின் பையன் பிடித்த ஏற்பாடு.

20 ஜூன்
அறிக்கை, கட்டுரை, போஸ்டர், வீடியோ, பயனர் கையேடு, எல்லாம் கொடுத்தாயிற்று. சிங்க்குக்குக் கீழே தொட்டி நுழைகிறது, மூடியைத் திறக்கத்தான் இடமில்லை. நடுவர் அதையே கேட்டார். ஜெர்மன் அசராமல் “அடுத்த மாடலில்” என்றான்.

ஞாயிறு ராத்திரி சாவ் ஜுவாவ் திருவிழா. ஊரே பிளாஸ்டிக் சுத்தியலோடு தெருவுக்கு வந்து எதிரில் வருகிறவர் தலையில் தட்டுமாம். அதற்கு முன் இன்னொரு முறை மதிப்பெண் படிவம் இருக்கிறது. ‘முன்முயற்சி’யில் ஸ்பெயின் பையனுக்கு முழு மார்க். கூட்டக் குறிப்புக்கு இந்த முறையும் கட்தான், அவனுக்கும் தெரியும்.