விந்தணுவைக் காக்கும் வெள்ளையணுக்கள்

எது நம் உடம்பு, எது அந்நியம் என்ற பாடத்தை நோய் எதிர்ப்பு மண்டலம் சின்ன வயதிலேயே படித்துவிடுகிறது. விந்தணு வருவதோ பருவ வயதில்தான். அப்படியானால் அதைக் கிருமி என்று நினைத்து அடிக்க வேண்டுமே? பொதுவாக அடிப்பதில்லை. விரைக்குள், விந்தணுவை வளர்த்தெடுக்கும் செர்டோலி செல்கள் இடைவெளி விடாமல் ஒட்டி நின்று ஒரு தடுப்பு போட்டிருக்கின்றன.

சரி, இதுவரை பாடப்புத்தகத்திலேயே இருக்கும். எனக்குப் பிடித்தது அடுத்த பகுதி. தடுப்புக்கு வெளியே மேக்ரோஃபேஜ்கள் என்ற வெள்ளையணுக்கள் ஏராளம். கிருமியை விழுங்கும் முரட்டு ஆசாமிகள் என்று பெயர் எடுத்த இவை, விரையில் அடக்கி வாசிக்கின்றன. அழற்சியைத் தணிக்கும் பொருட்களைச் சுரக்கின்றன. சில, டெஸ்டோஸ்டிரோன் தயாரிக்கும் லெய்டிக் செல்களை ஒட்டியே இருக்கின்றன. வேறு சில விந்துக்குழாயின் மேல், விந்தணுவுக்கு மூலமான ஸ்டெம் செல்கள் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில். சும்மா இருக்கவில்லை. 2015இல் வந்த ஓர் ஆய்வில், வளர்ந்த எலிகளிடம் இந்த மேக்ரோஃபேஜ்களைக் குறைத்துப் பார்த்தார்கள். விந்தணுவாக மாறும் பாதையில் அடியெடுத்து வைக்கும் செல்களும் குறைந்துபோயின! காவலுக்கு வந்தவர் உற்பத்தியிலும் கை வைத்திருக்கிறார்.

எல்லாம் எப்போதும் இவ்வளவு சுமுகமில்லை. பருவம் வந்தபின் பொன்னுக்கு வீங்கி வந்தால் சிலருக்கு விரையும் வீங்கி, விந்தணு உற்பத்தி அடிவாங்கும். அப்புறம் வாசெக்டமி, அதாவது விந்தணு வரும் குழாயை வெட்டி அடைக்கும் ஆண் கருத்தடை. அது செய்துகொண்டவர்களில் பலருக்குத் தங்கள் விந்தணுவுக்கு எதிராகவே ஆன்டிபாடி உருவாகிறது. உடம்புக்குப் பொதுவாகக் கெடுதல் இல்லை. குழாயைத் திரும்ப இணைத்துக் குழந்தைக்கு முயலும்போதுதான் சிலருக்கு இது குறுக்கே நிற்கும்.